வடகடற் கரையின் ஹெரிங் கடற்காகம்: இனங்காணலும் வாழ்க்கை முறையும்

மன்னார்த் தீவின் கரையோரத்தில், வயலையும் குளத்தையும் விட்டு வந்து தங்கியிருந்த கமக்காரர் ஒருவர் ஒரு மாசி மாதக் காலையில் எங்களிடம் கேட்ட கேள்வியில் இருந்து இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம். "சுவாமி, உந்தக் கரைவலைக்காரர் மீன் தெரியிற இடத்திலை இரண்டு விதமான பெரிய பறவை வந்து நிக்குது. ஒண்டு வெள்ளையும் கறுப்பும், பார்க்கத் துப்பரவு. மற்றது அழுக்கு மண்ணிறம், உடம்பெல்லாம் புள்ளி. உந்த மண்ணிறச் சாதிதான் களவெடுக்கிறது எண்டு சனம் சொல்லுது. இரண்டும் ஒரே சாதியோ, வேற வேற சாதியோ?"

வயலுக்கு வரும் பறவை என்றால் அவருக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. உழவு மாட்டின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கையும், கதிர் முற்றும்போது இறங்கும் குருவிகளையும் அவர் எங்களுக்குச் சொல்லித் தருவார். கடல்தான் அவருக்குப் புதிது. எங்களுக்கும் விடை தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, "வேறு சாதியாய்த்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அது பிழையான பதில்.

பிழை என்று அறிந்தது சில ஆண்டுகள் கழித்து, கிராமிய அபிவிருத்திப் பயிற்சி ஒன்றுக்காக ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரைப் பட்டினம் ஒன்றில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது. அங்கே வீட்டுக் கூரைகளிலும் துறைமுகச் சுவரிலும் நம் கோழியளவு உடம்பும் மிக நீண்ட செட்டைகளும் கொண்ட ஒரு பறவை எந்நேரமும் கத்திக்கொண்டிருக்கும். முதல் வாரத்திலேயே எங்கள் கையில் இருந்த பாண் துண்டு ஒன்றைப் பின்புறமாக வந்து பறித்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து அதை உற்றுப் பார்க்கத் தொடங்கினோம். அதன் பெயர் ஹெரிங் கடற்காகம். ஹெரிங் என்பது அக்கடலின் மீன்; நம் சாளை, சூடை மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. இப்பறவை இலங்கைக்கு வருவதில்லை. ஐஸ்லாந்து, பிரித்தானியத் தீவுகள், நோர்வே, நெதர்லாந்து என வடமேற்கு ஐரோப்பாவின் கரைகளே அதன் ஊர். ஆயினும் உலகில் மிகக் கவனமாக ஆராயப்பட்ட கடற்பறவைகளுள் இதுவும் ஒன்று. இதைப் படித்துக்கொண்டால் நம் கரைக்கு வரும் அதன் உறவினரையும் படிக்கலாம்.

காலில் தொடங்குங்கள்

புதியவர்கள் பறவையின் முதுகையும் தலையையும் பார்த்துப் பெயர் சொல்ல முயல்வார்கள். கடற்காகங்களில் அது ஏமாற்றும். முதலில் காலைப் பாருங்கள், பின்பு முதுகு, கடைசியாகச் சொண்டு.

வளர்ந்த ஹெரிங் கடற்காகத்தின் கால் இளஞ்சிவப்பு. ரோசாப்பூ நிறம் என்போமே, அது. முதுகும் செட்டையின் மேற்புறமும் வெளிறிய சாம்பல் நிறம். செட்டை நுனி கறுப்பு. அக்கறுப்பில் வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். தலை, மார்பு, வால் எல்லாம் வெள்ளை. சொண்டு தடித்த மஞ்சள். கீழ்ச்சொண்டின் நுனியை அண்டி ஒரு சிவப்புப் பொட்டு. கண் வெளிறிய மஞ்சள். ஆகவே எந்நேரமும் கோபமாகப் பார்ப்பது போலத் தோன்றும். உடல் நீளம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர், செட்டைகளை விரித்தால் ஒன்றரை மீற்றருக்குக் கிட்ட, நிறை ஒரு கிலோ அளவு. ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறத்தில் வேறுபாடில்லை. ஆண் சற்றுப் பெரியது.

இதே கரையில் இதைப் போன்ற வேறு சிலவும் உண்டு. முதுகு கடுஞ்சாம்பலாகவும் கால் மஞ்சளாகவும் இருந்தால் அது சிறிய கருமுதுகுக் கடற்காகம். முதுகு நல்ல கறுப்பு, கால் இளஞ்சிவப்பு, உடம்பும் இன்னும் பெரிது என்றால் பெரிய கருமுதுகுக் கடற்காகம். முதுகு சாம்பல்தான், ஆனால் உடம்பு சிறிது, கண் கறுப்பு, கால் பச்சை கலந்த மஞ்சள், சொண்டில் சிவப்புப் பொட்டு இல்லை என்றால் அது இன்னொரு சிறிய இனம். கால் கறுப்பாகவும், செட்டை நுனி மையில் தோய்த்தாற் போலப் பொட்டில்லாக் கறுப்பாகவும் இருப்பது கிற்றிவேக். அது ஆழ்கடலில் வாழ்ந்து, முட்டையிட மட்டும் செங்குத்துப் பாறைக்கு வருவது.

இனி அந்த மண்ணிறப் பறவை. கூட்டை விட்டுப் பறந்த முதல் ஆண்டில் ஹெரிங் கடற்காகக் குஞ்சு முழுவதும் மண்ணிறமாக, புள்ளியும் கோடுமாக இருக்கும். சொண்டு கறுப்பு, கண்ணும் கறுப்பு. தாயோடு ஒரே கூரையில் நிற்பதைப் பார்த்தாலும் தாயும் பிள்ளையும் என்று நினைக்கத் தோன்றாது. இரண்டாம் ஆண்டில் முதுகில் சாம்பல் நிறம் திட்டுத் திட்டாக வரும். சொண்டின் அடிப்பாகம் வெளிறும். கண் வெளுக்கத் தொடங்கும். மூன்றாம் ஆண்டில் பெரும்பாலும் தாயைப் போலவே இருக்கும். ஆனால் செட்டையில் மண்ணிறம் மிச்சமிருக்கும், சொண்டில் ஒரு கரிய அடையாளம் நிற்கும். நான்காம் ஆண்டிலேயே முழு வளர்ச்சியின் உடை. ஒரு பறவைக்கு நான்கு உடுப்பு! இதோடு முடியவில்லை. வளர்ந்த பறவையின் வெள்ளைத் தலையிலும் மாரிகாலத்தில் மண்ணிறக் கீறல்கள் வந்து அழுக்காகிவிடும். இளவேனிலில் மீண்டும் வெளுக்கும். எங்களுக்கு விடுதி தந்த வீட்டின் முதியவர், கூரையைக் காட்டி, "அந்த மண்ணிறத்தவன் இந்த வெள்ளைக்காரியின் மகன்" என்று சொன்னபோது மன்னாரில் நாங்கள் சொன்ன பதில் நினைவுக்கு வந்து வெட்கப்பட்டோம்.

உழவின் பின்னே

கடற்காகம் என்றதும் மீன் மட்டும் தின்னும் என்று எண்ணக் கூடாது. ஹெரிங் கடற்காகம் நண்டு, மட்டி, நட்சத்திர மீன், மற்றப் பறவைகளின் முட்டை, குஞ்சு, செத்த விலங்கு, குப்பை, மண்புழு எல்லாம் தின்னும். கடலில் மூழ்கி மீன் பிடிப்பதில் அது கெட்டிக்காரன் அல்ல. மேல் மட்டத்தில் கிடைப்பதையே எடுக்கும். அல்லது மற்றப் பறவையிடம் பறிக்கும். அங்கே உழவு இயந்திரம் தறையைப் பிரட்டும்போது அதன் பின்னால் வெள்ளைப் படையாக இறங்கிப் புழுப் பொறுக்குவதைக் கண்டபோது உண்ணிக்கொக்கும் மைனாவும் மனதில் வந்தன. கமக்காரர் யாரும் அதை விரட்டவில்லை. புற்றரையில் இன்னொரு வேலையும் செய்யும். நின்ற இடத்திலேயே இரண்டு காலாலும் மாறி மாறி வேகமாக மிதிக்கும். நிலம் அதிர, மண்புழு மேலே வரும். முதலில் கண்டபோது நடனம் ஆடுகிறதோ என்று நினைத்தோம்.

மட்டியின் ஓட்டை உடைக்க அதை வாயில் கவ்வி உயரப் பறந்து, பாறையிலோ வீதியிலோ போடும். உடையாவிட்டால் மீண்டும் எடுத்துப் போடும். இளம் பறவைக்கு இது கைவர நாட்செல்லும். மணலில் போட்டுவிட்டு, ஏன் உடையவில்லை என்பது போலப் பார்த்து நிற்பதும் உண்டு.

உவர் நீர் பற்றி இங்கே ஒரு சொல். கிணறு உவராகி அல்லற்பட்ட குடும்பங்களுக்கு இது வியப்பாயிருக்கும். இப்பறவை கடல் நீரையே குடிக்கும். நம் சிறுநீரகத்தால் அவ்வளவு உப்பை வெளியேற்ற முடியாது. குடித்த நீரைவிடக் கூடுதலான நீர் உடம்பிலிருந்து போய்விடும். கடற்காகத்தின் கண்ணுக்கு மேலே, மண்டையோட்டின் பள்ளத்தில், இரண்டு உப்புச் சுரப்பிகள் உண்டு. அவை குருதியிலுள்ள மேலதிக உப்பைப் பிரித்துக் கடல் நீரைவிடக் கடுமையான உப்புக் கரைசலாக மூக்கு வழியே வெளியேற்றுகின்றன. சொண்டு நுனியில் துளி துளியாக வடிவது அதுதான். தலையை உதறிக் கொட்டிவிடும். கடற்பறவைகளின் இச்சுரப்பி செய்யும் வேலையை 1950களின் பிற்பகுதியில் குனுட் ஷ்மிட் நீல்சன் என்னும் அறிஞர் கண்டறிந்தார்.

கூடும் வேலியும்

சித்திரை முடிவிலும் வைகாசியிலும் முட்டையிடும். பாறை விளிம்பு, மணற்குன்று, சிறு தீவு, வீட்டுக் கூரை எங்கும் புல்லையும் பாசியையும் குவித்துக் கூடு அமைக்கும். பெரும்பாலும் மூன்று முட்டை. நிறம் பச்சை கலந்த மண்ணிறம், மேலே கரும் புள்ளிகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ 4 வாரங்கள் அடைகாக்கும். குஞ்சு பறக்க இன்னும் 5, 6 வாரங்கள் செல்லும். ஒரு முறை சேர்ந்த சோடி பெரும்பாலும் ஆண்டுதோறும் அதே துணையுடன் அதே இடத்துக்குத் திரும்பி வரும். வளையமிட்ட பறவைகளுள் 30 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவையும் உண்டு.

கூட்டமாகக் கூடு கட்டினாலும் ஒவ்வொரு சோடிக்கும் தன் காணி உண்டு. எல்லை கண்ணுக்குத் தெரியாது, அவற்றுக்குத் தெரியும். பக்கத்துக் காணிக்காரர் எல்லைக்கு வந்தால் இரண்டும் எதிரெதிரே நின்று, கழுத்தை நீட்டி, அடிக்கப் போவது போல வரும். ஆனால் அடிப்பதில்லை. திடீரெனக் குனிந்து நிலத்துப் புல்லைக் கவ்வி முழுப் பலத்துடன் பிடுங்கும். எதிரியின் செட்டையைப் பிடித்து இழுக்க வேண்டிய கோபம் புல்லின் மேல் போகிறது. அடிக்கவும் ஆசை, ஓடவும் பயம். இரண்டும் சமமாய் இருக்கும்போது உடம்பு மூன்றாவதாக ஒரு வேலையைச் செய்கிறது என்று ஆய்வாளர் விளக்கினர். வேலிச்சண்டையில் கதியாலைப் பிடித்து ஆட்டும் நம்மவர் சிலரை நாங்கள் அறிவோம். பெயர் சொல்ல மாட்டோம்.

இந்த எல்லைக்கு ஒரு கொடிய பக்கமும் உண்டு. குஞ்சு வழி தவறிப் பக்கத்துக் காணிக்குள் போனால் அயலார் கொத்திக் கொன்றுவிடுவதுண்டு. தாய் தன் குஞ்சைப் பிறந்தவுடன் இனங்காண்பதில்லை. முதல் சில நாட்களில் அதே வயதுடைய வேறு குஞ்சை வைத்தாலும் ஏற்றுக்கொண்டு தீன் கொடுக்கும். ஏறத்தாழ 5 நாள் கழிந்தால் தன் குஞ்சை அறிந்துகொள்ளும். அதன் பின் வேறு குஞ்சை ஏற்காது. அந்த முதல் நாட்களில் குஞ்சு கூட்டைவிட்டு அதிகம் நகர்வதில்லை. ஆகவே முன்னரே அறிந்துகொள்ள வேண்டிய தேவையும் எழுவதில்லை. முட்டையில் இன்னும் வேடிக்கை. கூட்டிலுள்ள முட்டைகளை எடுத்துச் சற்றுத் தள்ளி வைத்தால், தாய் கண் முன்னே கிடக்கும் முட்டையை விட்டுவிட்டு வெறுங் கூட்டில் போய் அமர்வதும் உண்டு. முட்டையைவிட இடமே அதற்கு நன்கு தெரிந்தது.

சிவப்புப் பொட்டின் பாடம்

சொண்டிலுள்ள சிவப்புப் பொட்டு எதற்கு? பொரித்த குஞ்சு அதைக் கொத்தும். கொத்தினால் தாய் வயிற்றிலிருந்து தீனைக் கக்கி முன்னே வைக்கும். யாரும் பழக்காமலே குஞ்சுக்கு இது தெரிகிறது. இதைச் சோதித்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த நிக்கோ ரின்பேர்கன். நம் மூத்தோர் ஒல்லாந்து என்பார்களே, அந்த நாடு. அவர் காகித அட்டையில் கடற்காகத் தலைகளை வெட்டி, பொட்டு உள்ளது, இல்லாதது, வேறு நிறப் பொட்டு உள்ளது எனப் பலவிதமாகச் செய்து குஞ்சுகளுக்குக் காட்டி, எத்தனை முறை கொத்துகின்றன என்று எண்ணினார். பெரிய ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. அட்டை, மை, பொறுமை போதுமாயிருந்தன. தலையின் நிறத்தைக் குஞ்சு கவனிக்கவில்லை, பொட்டையே கவனித்தது. அதைவிட வியப்பு, நுனியில் மூன்று வெள்ளை வளையம் இட்ட மெல்லிய சிவப்புக் கோல் ஒன்றை, உண்மைத் தலை போலச் செய்த உருவத்தைவிடக் கூடுதலாகக் கொத்தின. தாயின் முகம் அல்ல, சில அடையாளங்கள் மட்டுமே குஞ்சை இயக்குகின்றன.

அவர் தம் எண்ணிக்கைகளைப் பிற்பாடு திருத்தி எழுதியிருந்தார் என்பதை 2009 இல் கரெல் தென் காத்தே என்னும் நெதர்லாந்து ஆய்வாளர் வெளிப்படுத்தினார். முதற் சோதனையில் கரும் பொட்டே கூடுதல் கொத்துகளைப் பெற்றிருந்தது. சோதனை நடந்த முறையால் சிவப்புக்குக் குறை விழுந்தது என்று கருதி ரின்பேர்கன் கணக்கைச் சரிசெய்திருந்தார். தென் காத்தே சோதனையைப் புதிதாகச் செய்து பார்த்தார். சிவப்புப் பொட்டே முந்தியது. முடிவு சரி, ஆனால் பிந்திய எழுத்துகளில் திருத்தத்தைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டது சரியல்ல என்பது எங்கள் எண்ணம்.

இந்த மனிதரின் வாழ்க்கையிலும் நாம் அறிய வேண்டிய ஒன்று உண்டு. ஜேர்மனியப் படை நெதர்லாந்தைப் பிடித்திருந்த காலத்தில், லெய்டன் பல்கலைக்கழகத்தின் யூதப் பேராசிரியர்கள் நீக்கப்பட்டதை எதிர்த்தவர்களுள் அவரும் ஒருவர். 1942 இல் அவர் பிடிக்கப்பட்டு, 1944 வரை சின்ற் மிஹில்ஸ்ஹெஸ்ரல் என்னும் ஊரில் பணயக் கைதிகள் முகாமில் வைக்கப்பட்டார். அம்முகாம் ஒரு சிறிய குருமடத்தின் கட்டடம். அவரது மனைவியும் பிள்ளைகளும் வெளியே இருந்தனர். முகாமில் இருந்தபடி அவர் தம் பிள்ளைகளுக்காகப் படம் வரைந்து ஒரு கதை எழுதினார். கதையின் நாயகன் ஓர் ஹெரிங் கடற்காகம். அது பின்னர் 1947 இல் 'கிளீவ்' என்ற பெயரில் நூலாக வந்தது. இப்பறவை பற்றிய அவரது பெரிய நூல் 1953 இல் வெளியானது. 1973 இல் கொன்ராட் லோறன்ஸ், கார்ல் வொன் பிரிஷ் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஊருக்குள் வந்த பறவை

பிரித்தானியப் பட்டினங்களில் இப்பறவையைக் குறித்து நல்ல வார்த்தை கேட்பது அரிது. பாண் பறிக்கிறது, குப்பைப் பையைக் கிழிக்கிறது, குஞ்சு உள்ள காலத்தில் தலைக்கு மேல் பாய்கிறது என்பது முறைப்பாடு. முறைப்பாடு உண்மைதான். ஆனால் கூரையில் கூட்டமாகக் காண்பவர்கள் நாடு முழுவதும் அது பெருகிவிட்டது என்று முடிவு செய்கிறார்கள், அது தவறு. பாறைக் கரைகளிலும் தீவுகளிலும் அதன் தொகை 1969-70 கணக்கெடுப்புடன் ஒப்பிடுகையில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. 2009 இல் பிரித்தானியாவின் ஆபத்திலுள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. மீன்பிடிக் கப்பல்கள் கடலில் எறியும் கழிவு மீன் குறைந்தமை, குப்பைமேடுகள் மூடப்பட்டமை, பொட்டுலிசம் என்னும் நச்சு நோய் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கரையில் இழந்ததைக் கூரையில் தேடுகிறது. கூரைக்கு நரி ஏறுவதில்லை; பட்டினத்தில் சூடும் கூடுதல், தீனும் உண்டு. 1981 ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் கூட்டையும் முட்டையையும் அனுமதியின்றி அழிப்பது அங்கே குற்றம்.

பாண் பறிப்பவனுக்கு ஒரு மருந்தும் உண்டு. 2019 இல் எக்ஸெற்றர் பல்கலைக்கழக ஆய்வாளர் உணவுப் பொதி ஒன்றை நிலத்தில் வைத்து, கடற்காகம் அதை அணுகும் நேரத்தை அளந்தனர். ஆள் அதை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தபோது அணுகச் சராசரியாக 21 செக்கன் கூடுதலாக எடுத்தது. பல பறவைகள் கிட்டவே வரவில்லை. எங்கள் பாண் துண்டு போனது நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்.

நம் கரையில்

இனி மன்னாருக்குத் திரும்புவோம். ஐப்பசி, கார்த்திகை முதல் பங்குனி வரை மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் பெரிய கடற்காகம் ஒன்றைக் காணலாம். கால் மஞ்சள், முதுகு கடுஞ்சாம்பல், மஞ்சள் சொண்டில் அதே சிவப்புப் பொட்டு. முன் சொன்ன சிறிய கருமுதுகுக் கடற்காகத்தின் கிழக்குப் பிரிவு இது. ஹொய்க்லின் கடற்காகம் என்பர். ஹெரிங் கடற்காகத்துக்கு நெருங்கிய உறவு. ரஷ்யாவின் வடகோடித் தண்டராவில் குஞ்சு பொரித்து, மாரிக்கு நம்மிடம் வருகிறது. இதற்கும் அதே நான்கு ஆண்டு, அதே மண்ணிறப் பிள்ளைப் பருவம். இதனோடு சிறியதாய், சொண்டும் காலும் சிவந்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும் பொட்டுடன் கூட்டமாக நிற்பது கபிலத்தலைக் கடற்காகம்; மத்திய ஆசியாவின் உயர்நில ஏரிகளில் இருந்து வருவது. மாசி, பங்குனியில் தலை முழுவதும் கறுத்த மிகப் பெரியது ஒன்று தென்பட்டால், அது வேறோர் இனம். அதன் சொண்டில் கறுப்புப் பட்டை இருக்கும். வால் பிளந்து, உடல் மெலிந்து, நீருக்குள் தலைகீழாகப் பாய்பவை ஆலாக்கள். அவற்றைக் கடற்காகத்துடன் சேர்க்க வேண்டாம்.

பிள்ளைகளுடன் கரைக்குப் போகும்போது ஒரு கொப்பியில் திகதி, கால் நிறம், முதுகு நிறம், சொண்டு, கண் எனக் குறித்து வாருங்கள். மண்ணிறப் பறவை எதன் அருகே நிற்கிறது, உடம்பும் சொண்டும் அதன் அளவோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பெயரைக் கடைசியில் எழுதுங்கள்.

ஸ்கொட்லாந்தில் இருந்து திரும்பியதும் அந்தக் கமக்காரரைத் தேடிப் போனோம். அதற்குள் அங்கிருந்த குடும்பங்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்தன. எங்கே என்று சொல்ல அக்கரையில் எவருமில்லை. இவ்விதழ் அவர் கையில் கிடைக்குமானால்: ஐயா, நாங்கள் சொன்னது பிழை. இரண்டும் ஒரே சாதிதான். அந்த மண்ணிறப் பறவை மற்றதன் பிள்ளை.